மிதித்தால் நடுங்கும் வண்டி

எண்பதில் போய்ப் பிரேக்கை மிதித்தால் நடுங்குகிறது. நாற்பதில் மிதித்தால் ஒன்றும் இல்லை, மிதிக்காமல் எண்பதில் போனாலும் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் வீல் பேலன்ஸ் இல்லை, டயர் இல்லை, அலைன்மென்ட் இல்லவே இல்லை. சீட் ஆடவில்லை, ஸ்டியரிங் மட்டும் ஆடுகிறது, அதனால் பின்னால் இல்லை, முன்னால்தான், முன் பிரேக் டிஸ்க்தான். இதைக் கண்டுபிடிக்க மேட்டுப்பாளையத்திலிருந்து காரமடை ரோட்டில் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம். ஆனாலும் செண்பகவடிவு இன்னொரு முறை மிதித்துப் பார்த்தாள், ஏனென்றால் அந்த நடுக்கம் உள்ளங்கையில் ஏறி முழங்கை வரை வரும்போது அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மருமகனின் காரை ஓட்டிப் பார்த்து அவனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு ஒரு படி அவல் கிடைத்திருக்கிறது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அடி சாமி, நல்லா அடி, வண்டியில் உனக்குத் தெரிந்த உறுப்பு அது ஒன்றுதானே. எதிரே ஊட்டிக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வந்துகொண்டே இருந்தது, கூரைமேல் பெட்டியும் ஜன்னல்தோறும் பிள்ளைத் தலையுமாக. இதில் பாதிப் பேர் திரும்பி வரும்போது அவள் பிரேக் கடை வாசலில் நிற்பார்கள், என்னமோ தீயற வாசம் வருதுங்க என்று. தீயாமல் மல்லிகைப்பூவா மணக்கும்? பெட்ரோல் மிச்சம் என்று மலை முழுக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்த கால் எடுக்காமல் இறங்கி, கீழே வந்ததும் குடிக்கிற தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றி, புஸ்ஸென்று ஆவி வருவதைப் போட்டோ எடுக்கிற ரகம். அந்த ரகத்தில் ஒருவனுக்குத்தான் அவள் பெண்ணைக் கொடுத்திருக்கிறாள். தாரிணிக்கு ஐந்தாம் மாதம். நேற்று சாயங்காலம் இரண்டு பேரும் கோத்தகிரியிலிருந்து இறங்கி வந்தார்கள், இன்று சாயங்காலம் திரும்புவதாகச் சொல்கிறார்கள். திரும்ப மாட்டாள். மத்தியானம் சாப்பிடும்போது சொல்ல வேண்டிய வாக்கியத்தை வடிவு தயார் செய்து வைத்திருந்தாள்: மாப்பிள்ள, தப்பா நெனைக்காதீங்க, இந்த வண்டில என்ற புள்ளைய மலையேத்த மாட்டேன், கொழந்த பொறக்கற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். அதில் 'தப்பா நெனைக்காதீங்க' வேண்டுமா வேண்டாமா என்பது ஒன்றுதான் பாக்கி. தப்பாகவே நினைக்கட்டுமே.

சஞ்சீவ் என்று பெயர். டீ பாக்டரியில் கணக்கு எழுதுகிறான். ஆள் ஆறடி, குரல் அரையடி. எதற்கெடுத்தாலும் சரிங்கத்தை. இன்னொரு இட்லி வைக்கட்டுங்களா, சரிங்கத்தை. போதுங்களா, சரிங்கத்தை. துவைத்த துணியைத் தானே மடித்துத் தானே பெட்டியில் வைத்துக்கொள்கிறான், சட்டைக் காலருக்கு நடுவில் பொத்தானைப் போட்டு. இவனுக்கு முன்னால் லாரி ஆபீஸ் வைத்திருக்கிற இடத்திலிருந்து ஒரு வரன் வந்தது, பதினாறு சக்கர வண்டியை ஒரு கையால் ரிவர்ஸ் எடுக்கிற பையன், அவனை இந்தத் தாரிணி வேண்டாம் என்றாள், அவர் சத்தமா பேசறாரும்மா என்று. சத்தமாகப் பேசாதவன் லட்சணம் நேற்று தெரிந்தது. வண்டி வாசலில் வந்து நின்றதும் இறங்கினானே, அதைப் பார்த்து அவள் மாடி வராண்டாவிலேயே சிரித்துவிட்டாள். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்ட, தலை கூரையில் இடிக்க, சின்னப் பைக்குள்ளிருந்து பெரிய குடையை உருவுகிற மாதிரி ஒவ்வொரு காலாக வெளியே எடுத்தான். உட்காரக்கூடத் தெரியவில்லை. சீட்டுக்குக் கீழே ஒரு கம்பி இருக்கிறது, இழுத்தால் பின்னால் போகும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அதை இழுக்கத் தெரியாதவனுக்கு மலைப்பாதை ஒரு கேடு. தாரிணி பாவம், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள். அதுவும் பொய்யில்லை, அடிவாரம் வந்ததும் போன் பண்ணுவாள் ஒவ்வொரு முறையும், அம்மா, எறங்கிட்டோம்மா, பத்து நிமிஷத்துல வந்துருவோம் என்று, அந்தக் குரலைக் கேட்டால் தெரியும், ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கும். காரில் உட்கார்ந்து வருகிறவளுக்கு எதற்கு மூச்சு வாங்க வேண்டும்? பயம். வேறென்ன. நேற்றும் அப்படித்தான் வாங்கியது. அதனால்தான் இன்று காலை எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, கடைவீதிக்குப் போயிட்டு வரேன் என்று சொல்லி, ஏறி உட்கார்ந்து, எதையும் தொடாமல் அப்படியே கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள். முதல் பிரேக்கிலேயே வண்டி வாயைத் திறந்துவிட்டது.

வாயைத் திறந்து என்ன சொல்கிறது என்பது எல்லோருக்கும் கேட்பதில்லை. ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் டிஸ்க் வளைஞ்சிருச்சு என்பார்கள். வளைய அது என்ன முருங்கைக்காயா? அவ்வளவு கனத்த இரும்பு அவ்வளவு லேசில் வளையாது, அதன் முகம்தான் ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் மெலிந்து போகும். சுற்றும்போது டிஸ்க்கைக் கவ்வுகிற பேட் அந்த மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும், அதுதான் கைக்கு வருகிற டகடகடக. இதை முப்பது வருஷமாக ஊட்டி ரோட்டில் கடை போட்டுச் சொல்கிறாள். 'சண்முகவேல் பிரேக் ஸ்டோர்ஸ்' என்று பலகையில் இருக்கிறது, சண்முகவேல் என்பது அவள் வீட்டுக்காரர், பெயரைக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று கல்லாவுக்குப் பின்னால் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். வருகிறவர்களும் அவரிடம்தான் போய்க் கேட்பார்கள், அண்ணா, டிஸ்க் பேட் இருக்குங்களா? அவர் பேப்பரை இறக்காமல் இவள் பக்கம் தாடையை நீட்டுவார். அப்போது அந்த மூஞ்சிகளைப் பார்க்க வேண்டும். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று ஆரம்பித்து, போனில் ஏதோ படித்துவிட்டு வந்து, ஓட்டை போட்ட டிஸ்க் வேணும், ரேஸ் வண்டில வருதே அது, என்பார்கள். ஆபீசுக்கும் மளிகைக் கடைக்கும் போகிற வண்டிக்குச் சல்லடை. கொடுத்து அனுப்புவாள். கேட்டுத்தான் வாங்குவேன் என்கிறவனிடம் பேசித் தொண்டைத் தண்ணீரை வற்றவைப்பானேன்.

ஒரு லாரியை முன்னே விட்டுத் திருப்பினாள். மறுபடி எண்பது, மறுபடி மிதி, மறுபடி டகடகடக, இந்த முறை சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்றும் சேர்ந்து வந்தது. இதே நடுக்கம் நேற்று மலையில் இருந்திருக்கும். மலையில் எண்பது கிடையாது, ஆனால் இறக்கத்தில் டிஸ்க் சுட்டுப் பழுத்திருக்கும்போது நாற்பதிலேயே ஆடும், ஆடுகிறதே என்று இன்னும் அழுத்துவான், அழுத்தினால் இன்னும் சுடும், ஒரு கட்டத்துக்கு மேல் மிதி கட்டை கீழே போகும், வண்டி நிற்காது. பஞ்சுமேல் மிதித்த மாதிரி இருந்ததுங்க என்பார்கள், பிழைத்து வந்தவர்கள். பிழைக்காதவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். வளைவுக்கு அந்தப் பக்கம் மரத்தலை மட்டும்தான் தெரியும், அவ்வளவு பள்ளம். அவள் சட்டென்று அந்த நினைப்பை விட்டாள். பழிக்கப் போகிற இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொள்ளக் கூடாது, பயம் வந்தால் குரல் நடுங்கும், நடுங்கின குரலில் சொன்னால் அது கெஞ்சல் ஆகிவிடும். மாப்பிள்ள, இந்த வண்டில என்ற புள்ளைய மலையேத்த மாட்டேன். அப்படித்தான், உலர்ந்த குரலில். நியூட்ரல்ல எறக்கறதுக்கு இது என்ன சறுக்கு மரமா மாப்பிள்ள. அதையும் சேர்த்துக்கொள்ளலாம். தாரிணி முகம் சுருங்கும். சுருங்கட்டும். குழந்தை பிறந்தபிறகு விரியும்.

மெக்கானிக் அன்சாரியின் ஷெட் கடைக்கு அடுத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு அறுவடை நாள், லிப்ட் காலியாக இருந்தது இவள் அதிர்ஷ்டம். வண்டியை ஏற்றிவிட்டு வலது முன் சக்கரத்தைக் கழற்றினான், கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான். "டிஸ்க் பெண்டாயிருச்சுக்கா. கடைசல் போட்டுரலாம். ரெண்டு பக்கமும் ஒரு இழை எடுத்தா கண்ணாடி மாதிரி ஆயிரும்." வடிவு அவனைப் பார்த்தாள். "பாய், பாக்கறதுக்கு முன்னாடியே வைத்தியம் சொல்றதுக்கு நீங்க என்ன ஜோசியரா?" அவன் சிரித்தான், அவனுக்கு இவள் பேச்சு பழக்கம், ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டு நகர்ந்து நின்றான். நல்லவன்தான், ஆனால் எல்லா நோய்க்கும் அவனிடம் ஒரே கஷாயம். இருக்கிற தடிமனில் கொஞ்சம் சீவி எறிந்துவிட்டால் மெலிந்த டிஸ்க் இன்னும் சீக்கிரம் சுடும், அடுத்த மலையில் முன்னைவிட மோசமாக ஆடும், அந்த ஆள் திரும்ப வருவான், திரும்பக் கடைசல். "கேஜ எடுங்க" என்றாள். டிஸ்க்கை நட்டு போட்டு இறுக்கி, அளவு முள்ளை அதன் முகத்தில் தொடவைத்து, கையால் மெதுவாகச் சுற்றினாள். முள் ஒரு மயிரளவுகூட நகரவில்லை என்று சொல்ல முடியாது, நகர்ந்தது, ஆனால் நகர வேண்டிய அளவுக்குள்தான். வளைவு இல்லை. "பாருங்க உங்க பெண்டு" என்றாள். ஹப்பில் துரு இல்லை, நட்டுகளை யாரும் வெறி வந்த மாதிரி முறுக்கியிருக்கவில்லை, பிஸ்டன் சிக்கவில்லை. மைக்ரோமீட்டரை வைத்துச் சுற்றிச் சுற்றித் தடிமன் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒரு இடத்தில் கூட, ஒரு இடத்தில் குறைய. டிஸ்க்கின் விளிம்பில் நீலம் பாரித்திருந்தது, அது சுட்ட அடையாளம், அது அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அந்தத் தடம்.

கையால் தேய்த்தாள், போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள், போகவில்லை. பேட்டின் உருவம் அப்படியே, மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, நடுவில் இருக்கிற பள்ளத்தின் கோடுகூட, கரும்பழுப்பில் இரும்பின்மேல் அச்சாக விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் மங்கியது. அதன்மேல் ஏறினாற்போல் இன்னொன்று. சுற்றினால் அந்தப் பக்கத்தில் வேறு இரண்டு. பேட் அப்படியெல்லாம் சும்மா ஒட்டாது. தொட்டால் கொப்பளிக்கிற சூட்டில் வந்து, வண்டியை நிறுத்தி, நின்ற பிறகும் மிதித்த காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் பேட்டின் சாறு இறங்கி டிஸ்க்கில் பிடித்துக்கொள்ளும். சரி, நிறுத்தியிருக்கிறான், அழுத்தியிருக்கிறான், மடையன். இதையும் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எங்கே நிறுத்தினான்? வீட்டு வாசலில் இல்லை. அடிவாரத்திலிருந்து வீடு வரை சமதளம், பிரேக்குக்கு வேலை இல்லை, காற்றுப் பட்டே டிஸ்க் ஆறிவிடும், வாசலுக்கு வரும்போது ஒட்டுகிற சூடு இருக்காது. அப்படியென்றால் சூடு ஆறுவதற்குள், கடைசி வளைவு முடிந்த கையோடு, இறக்கத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். அங்கே என்ன இருக்கிறது நிறுத்துவதற்கு? பாக்குத் தோப்பு இருக்கிறது. குரங்குக்குத் தீனி போடாதே என்று ஒரு பலகை இருக்கிறது. டீக்கடை இல்லை, கோயில் இல்லை. ஒரு முறை என்றால் வாந்தி என்று வைத்துக்கொள்ளலாம், இத்தனை தடத்துக்கு இத்தனை வாந்தியா, வாந்தி எடுத்தவள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லாமல் இருப்பாளா? ஒவ்வொரு முறையும், அதே இடத்தில், கால் எடுக்காமல், நிறுத்துகிறார்கள். எதற்கு? அன்சாரி ஏதோ கேட்டான், அவள் காதில் விழவில்லை. எதற்கு? அடிவாரத்தில் நின்றுதான் தாரிணி போன் பண்ணுவாள். எறங்கிட்டோம்மா. மூச்சு வாங்க. பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வந்தவளுக்கு எதற்கு மூச்சு வாங்க வேண்டும் என்று காலையில் கேட்டாளே, அந்தக் கேள்வி இப்போது திரும்பி வந்து அவள் முன்னால் நின்றது, காலையில் சொன்ன பதிலை அது ஏற்கவில்லை.

முழங்கால். காலையில் அவள் ஏறி உட்கார்ந்தபோது முழங்கால் எங்கேயும் இடிக்கவில்லை. கம்பியை இழுக்கவில்லை, கண்ணாடியைத் திருப்பவில்லை, கிளட்ச் எட்டியது, எல்லாம் அவளுக்கென்று தைத்த ரவிக்கை மாதிரி பொருந்தியிருந்தது, அதனால்தான் கவனிக்கவே இல்லை, பொருந்துகிறதை யார் கவனிக்கிறார்கள். அவள் ஐந்தடி. ஐந்தடிக்குப் பொருந்துகிற சீட்டில் ஆறடிக்காரன் மலை முழுக்க உட்கார்ந்து வர முடியாது. கடைசிப் பத்து நிமிஷம் வரலாம். குடையை மடித்து வைத்த மாதிரி, முழங்கால் முட்ட. வடிவு "எறக்குங்க" என்றாள், அன்சாரி புரியாமல் வண்டியைக் கொஞ்சம் இறக்கினான், அவள் எக்கி இடது பக்கக் கதவைத் திறந்து பார்த்தாள். இடது சீட் பின்னால் போகிற மட்டும் போயிருந்தது. நீளக் காலுக்கு இடம். கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடி ஒரு பக்கம் ஸ்க்ரூ கழன்று தொங்கலாக இருந்தது, யாரோ பிடித்து, பிடித்து, பிடித்து. நிச்சயத்துக்கு மறுநாள் எல்லோரும் மருதமலைக்குப் போனார்களே, அப்போது முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, மேலுதட்டில் வேர்வையோடு வந்தான், சாமி கும்பிடுகிறான் என்று நினைத்தாள், சாமியாரப் புடிச்சு மாப்பிள்ளையாக்கியிருக்கோம் என்று வீட்டுக்காரர் காதில் சொன்னாள். சாமியும் இல்லை பூதமும் இல்லை. வளைவில் தலை சுற்றுகிறவன். மலையில் வேலை, மலையில் வீடு, மலையில் தலைசுற்றல். எப்பேர்ப்பட்ட ஆம்பளை! இவ்வளவு நல்ல சிரிப்பு அவளுக்குக் கிடைத்து வெகுநாள் ஆகிறது, ஆனால் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான் என்றால் ஓட்டுகிறவள் தாரிணி.

தாரிணிக்கு வண்டி ஓட்ட வராது. அதைச் சொன்னவளே வடிவுதான். கல்லூரி முடித்த வருஷம் மூன்று நாள் காலையில் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிக் கொடுத்தாள், பிரேக் விற்கிறவள் எதைச் சொல்லிக் கொடுப்பாளோ அதைச் சொல்லிக் கொடுத்தாள், சந்தேகம் வந்தா பிரேக்க மிதி, மத்ததெல்லாம் அப்புறம். அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்தது. ஆட்டுக்குட்டிக்கு மிதித்தாள், காற்றில் வந்த பாலிதீன் பைக்கு மிதித்தாள், ஒன்றுமே வராத இடத்தில் ஒன்றும் வரவில்லையே என்று மிதித்தாள். மூன்றாம் நாள் கடை வாசலில், வந்திருந்தவர்கள் பார்க்க, வடிவு சாவியைப் பிடுங்கினாள். உனக்கெல்லாம் கரண்டிதான் சரி, ஸ்டியரிங் வேண்டாம். யாரோ சிரித்தார்கள். தாரிணி மாடிக்குப் போனாள், அப்புறம் சாவி கேட்கவே இல்லை, பார்த்தாயா, ஆசையே இல்லை இவளுக்கு என்று வடிவு முடித்துவிட்டாள். ஆசை எங்கேயோ இருந்திருக்கிறது. அங்கே மேலே, பனியில், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அவன்தான், தலை சுற்றுகிறவன், கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இவள் ஆட்டுக்குட்டிக்கும் மேகத்துக்கும் மிதிக்க மிதிக்க, சரி தாரிணி, சரி தாரிணி என்று சொல்லிக்கொண்டு. அந்தக் காட்சியை எந்தப் பக்கத்திலிருந்து இளக்காரம் பண்ணுவது என்று வடிவுக்குத் தெரியவில்லை. முயன்று பார்த்தாள், பிடி கிடைக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எல்லா வளைவையும் இறங்கி, அடிவாரத்தில் நிறுத்தி, இவள் காலை எடுக்காமல் மூச்சு வாங்கி, அம்மாவுக்குப் போன் பண்ணி, இறங்கி, இடம் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். கொள்ளைக்காரர்கள் மாதிரி. எதற்கு? அவள் வாய்க்கு. மாடி வராண்டாவில் நின்று பார்க்கிற ஒரு பொம்பளையின் வாய்க்குப் பயந்து. ஐந்து மாத வயிறு ஸ்டியரிங்கில் இடித்திருக்குமோ? இடிக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை. பிரேக் போயிருந்தால்? போகவில்லை. இறக்கிவிட்டாள். ஒவ்வொரு தடமும் அவள் பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தியதன் அடையாளம். வடிவுக்குக் கேட்காமலே ஒரு பெருமை வந்தது, அந்தப் பெருமைமேல் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"என்னக்கா, கடைசல் வேண்டாமா?" என்றான் அன்சாரி. "ஒரு மண்ணும் வேண்டாம். ரெண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேட்." கடைக்குள் போனாள். காலையில் அவள் மனசில் வேறு பெட்டி இருந்தது. நியூட்ரலில் இறக்குகிறவனுக்கு மேல்தட்டில் கிடக்கிற பேட் போதும், டவுனுக்குள் ஓட்டுகிறவர்கள் வாங்குகிறது, மெத்தென்று மிதி விழும், சத்தம் வராது, சக்கரத்தில் கரி படியாது, சூடு ஏறினால் மட்டும் கையை விரித்துவிடும். எப்படியும் வண்டி மட்டும்தானே மலையேறப் போகிறது, அவனே ஏறி அவனே அனுபவிக்கட்டும் என்று இருந்தாள். இப்போது அந்தத் தட்டின் பக்கமே கை போகவில்லை. செராமிக்கை எடுத்தாள், சுத்தமாக இருக்கும், நீண்ட நாள் வரும், வைத்துவிட்டாள். செமி மெட்டாலிக்கை எடுத்தாள், இரும்புத் தூள் கலந்தது, குளிர் காலையில் கொஞ்சம் கீச்சிடும், ஆனால் சுடச் சுடக் கடிக்கும், மலைக்கென்று பிறந்தது. கீச்சிட்டால் கீச்சிடட்டும், காது செவிடாகிவிடாது. டிஸ்க்கில் ஓட்டையும் வேண்டாம் கோடும் வேண்டாம், நல்ல கனமாக, நடுவில் காற்றோட்டம் உள்ள வெறும் டிஸ்க். பெட்டியைப் பிரித்து ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தாள், முகத்தருகே வைத்து விளிம்பைப் பார்த்தாள், அதைத் திருப்பி வைத்துவிட்டு இன்னொரு பெட்டியைப் பிரித்தாள். அதில் ஒரு குறையும் இல்லை, இருந்தாலும் வைத்துவிட்டு மூன்றாவதைப் பிரித்தாள். சண்முகவேல் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "யாருக்கு?" என்றார். "படிங்க" என்றாள் வடிவு. அவர் படித்தார். அன்சாரி மாட்டும்போது பக்கத்திலேயே நின்று, கேலிப்பர் பின்னுக்குக் கிரீஸ் வைத்தானா, டிஸ்க்கில் இருக்கிற எண்ணெயைத் துடைத்தானா என்று பார்த்தாள், துடைத்த இடத்தைத் தன் முந்தானையால் இன்னொரு முறை துடைத்தாள்.

கடைக்கு மேலே இருக்கிற மாடி வீட்டில் இலை போட்டிருந்தார்கள். சண்முகவேல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார், உலகத்தில் நடக்கிற எதற்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. தாரிணி கேட்டாள், "வண்டிக்கு என்னம்மா?" கேட்கும்போது தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள். வடிவின் நாக்கில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது, முன்னைவிட இரண்டு மடங்கு கூர்மையாக. இப்போது சொன்னால் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது, இவனும் திறக்க முடியாது, இவளும் திறக்க முடியாது, பிள்ளை பிறந்து காது குத்துகிற வரைக்கும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம். அவள் மருமகன் பக்கம் திரும்பினாள்.

"மாப்பிள்ள, மலைல வண்டிய நியூட்ரல்லயா எறக்கறீங்க?"

சஞ்சீவின் கை ரசச் சோற்றில் நின்றது. அவன் தாரிணியைப் பார்ப்பான் என்று வடிவு காத்திருந்தாள். பார்க்கவில்லை. "ஆமாங்கத்தை" என்றான்.

"பிரேக்க மிதிச்சுட்டேவா வருவீங்க?"

"ஆமாங்கத்தை. என்ற தப்புத்தானுங்க. இனிமே செய்ய மாட்டேன்."

"எறங்குன ஒடனே நிறுத்தறதும் நீங்கதானுங்களா?"

"ஆமாங்க... தண்ணி குடிக்க நிறுத்துவேனுங்க."

"அம்மா, அவர எதுக்கு—" என்று தாரிணி ஆரம்பித்தாள். "தாரிணி, கொஞ்சம் மோர் ஊத்து" என்றான் அவன். இலையில் இன்னும் ரசச் சோறே தீரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான், அதுவும் இவ்வளவு கொஞ்சம் சோற்றில். என்ன அழகான பொய், என்ன கேவலமான பொய், பொய் சொல்லக்கூட வராத இந்த மனுஷன் தலையைக் குனிந்து, வாங்கிக்கொள்ள இன்னும் இருந்தால் கொடுங்கள் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். வடிவு தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அப்பளம். இத்தனை வருஷத்தில் அவளுக்காக ஒருத்தன் இப்படி ஒரு அடியை வாங்கிக்கொண்டது உண்டா என்று யோசித்தாள், இல்லை, நன்றாக யோசித்தும் இல்லை. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. சொந்த மகளைப் பார்த்துப் பொறாமை, வெட்கக்கேடு. தயாராக வைத்திருந்த வாக்கியத்தை அவள் ரசத்தோடு சேர்த்து விழுங்கினாள், இறங்கும்போது உறைத்தது.

"புது பேட்டு மாட்டியிருக்கு" என்றாள். "ஒடனே மலையேத்தக் கூடாது. காரமடை வரைக்கும் போயி, வேகமா போயி மெதுவா மிதிச்சு, மெதுவா மிதிச்சு, பழக்கோணும். நின்னுட்டு மிதிக்கக் கூடாது."

"நான் போயிட்டு வரேனுங்கத்தை" என்று சஞ்சீவ் இடது கையை நீட்டினான்.

"நீங்க ஒக்காந்து மோர் குடிங்க." சாவியை எடுத்துத் தாரிணியின் இலை ஓரமாக வைத்தாள். "நீ ஓட்டு. நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன். அப்புறம் மொத வளைவு வரைக்கும் ஏறி எறங்கலாம். ரெண்டாவது கியர்ல எறங்கத் தெரியாதவளுக்கெல்லாம் எந்தப் புண்ணியவான் வண்டி சொல்லிக் குடுத்தானோ."

அப்பளச் சத்தம் நின்றது. தாரிணி அம்மாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கை கழுவப் போனாள், குழாய் வெகுநேரம் ஓடியது. கீழே வந்து வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட்டை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கிறது என்று வடிவு கண்ணால் அளந்துகொண்டாள். இடது சீட்டில் அவளுக்குக் கால் எட்டவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தொங்கியது, கம்பியை இழுத்து முன்னால் கொண்டுவந்திருக்கலாம், அவள் இழுக்கவில்லை. வண்டி ரோட்டுக்கு வந்தது. ஐம்பது, அறுபது, எழுபது. எதிரே ஊட்டிக் கூட்டம். "சாயங்காலம் வெளிச்சத்துலயே கெளம்பிருங்க" என்றாள் வடிவு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "சரிம்மா" என்றாள் தாரிணி, குரல் வேறு மாதிரி இருந்தது. எண்பது. தாரிணி மெதுவாக மிதித்தாள், ஸ்டியரிங் அவள் கையில் கல்லாக நின்றது, துளி நடுக்கம் இல்லை. ஆடியது வடிவின் கையில் இருந்த கைப்பிடிதான். எப்போது மேலே கையைக் கொண்டுபோய்ப் பிடித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை, பிடித்த பிடியில் கழன்ற பக்கம் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு ஒரு ஸ்க்ரூ போட்டு முறுக்கச் சொல்லு உன்ற வூட்டுக்காரர" என்றாள். "அதாச்சும் அவருக்கு வருதான்னு பாக்கலாம்."

தாரிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத. ரோட்டப் பாரு."